புது டயரும் மச்சினனின் வலையும்

காரின் நாலு சில்லுக்கும் புது டயர் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. குருக்கள்மடம் தாண்டி வேகம் எடுத்ததும் ஸ்டியரிங் காய்ச்சல்காரனைப்போல நடுங்கத் தொடங்கியது. பக்கத்தில் இருந்த மனைவி உடனே காரணம் கண்டுபிடித்தாள்.

"நீங்க கோபத்தோட பிடிக்கிறீங்க. அதுதான் நடுங்குது."

அதற்குப் பிறகு உண்மையிலேயே கோபத்தோடுதான் பிடித்தேன்.

நேரே டயர்க்கடைக்குப் போய், தெருவுக்கே கேட்கக் கத்தினேன். கடைக்காரர் குனிந்து சில்லுகளைச் சுற்றிப் பார்த்தார். சில்லு ஆடாமல் சுழல்வதற்காக விளிம்பில் அவர் மாட்டியிருந்த ஈயத்துண்டுகளில் ஒன்றுகூட இல்லை.

"ஐயா, ஈயத்தைக் கழட்டினது ஆரு?"

"எனக்கென்ன விசரா, அதைக் கழட்ட? நீங்க ஒழுங்கா மாட்டல்ல. விழுந்திட்டு!"

"விழுந்தா ஒண்டு ரெண்டு விழும். நாலு சில்லிலயுமா விழும்?"

பதில் வீட்டு முற்றத்தில் இருந்தது. மனைவியின் தம்பி தன் வீச்சுவலையை விரித்துவைத்து, அதன் ஓரத்தில் ஈயத்துண்டுகளைத் தட்டி வளைத்து மாட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் சந்தோஷமாகச் சிரித்தான்.

"அத்தான், உங்கட சில்லுல சும்மா கிடந்த ஈயம். வலைக்குப் பாரம் காணாம ஒரு பக்கமாத்தான் விழுந்திச்சு. இனிப் பாருங்க."

அன்று பின்னேரம் வாவிக்கரையில் நின்று பார்த்தேன். வலை துளி ஆட்டமில்லாமல் முழு வட்டமாக விரிந்து விழுந்தது. இரவு மீன்குழம்பைக் கோபத்தோடுதான் சாப்பிட்டேன். இரண்டாம் தரம் சோறு கேட்டதும் அதே கோபத்தில்தான்.