ஓய்வு நாளின் களைப்பு

ஆசீர்வாதம் காக்களூர்ப் பக்கம் ஓர் இரும்புப் பட்டறையில் ஃபிட்டர். ஓடுகிற மோட்டாரைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். சூடு அதிகமென்றால் நிறுத்தி ஆறவைப்பார். ஆறவைத்தால் பாதிக் கோளாறு தானாகவே போய்விடும் என்பது அவர் தொழிலில் கண்டது.

இரண்டாம் ஷிப்ட் என்பதால் காலை நேரம் அவருக்குச் சொந்தம். அந்த நேரத்தில் திருவள்ளூர்ப் பள்ளி மைதானத்தில் பெண்களுக்குக் கூடைப்பந்து பழக்கினார். அங்கே அவருக்குக் காதுதான் புறங்கை. வளையத்துக்குத் தாவுகிற பெண் சத்தமில்லாமல் இறங்கினால் உடம்பில் தெம்பு இருக்கிறது. தொப்பென்று விழுந்தால் களைத்துவிட்டாள், அன்றைக்கு உட்காரவைத்துவிடுவார். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. தானே ஆடி ஆடித் தெரிந்துகொண்டது.

எழுபத்திரண்டாம் வருஷம், காலாண்டு விடுமுறையில், பச்சையம்மா தொப்பென்று விழ ஆரம்பித்தாள்.

அணியில் அவளைப்போல் தாவ ஆளில்லை. விடுமுறை முடிகிற ஞாயிற்றுக்கிழமை சென்னையில் மாநில அணிக்கான தேர்வு. அதில் எடுபட்டால் அடுத்த வருஷம் கல்லூரியில் இடம் தருவதாகப் பேச்சு. இல்லையென்றால் பதினொன்றாவதோடு படிப்பு முடிந்தது.

“பச்சே, இன்னா ஆச்சு உனக்கு?”

“ஒன்னும் இல்லண்ணா. நல்லாத்தான் கீறேன்.”

“நல்லா கீறவ நெல்லு மூட்டையாட்டம் உழுவாளா?”

“சிமிட்டி வாங்கி வைண்ணா, தரை ஒடையப் போவுது” என்றாள் கூட ஆடுகிற ரோசம்மாள். எல்லோரும் சிரித்தார்கள். பச்சையம்மாவும் சிரித்தாள், முட்டியைப் பிடித்துக்கொண்டே.

மறுநாள் வரவேண்டாம் என்றார். அதற்கு அடுத்த நாள் வந்தவள் முன்னைவிட மோசம். அடுத்து இரண்டு நாள் சேர்த்து ஓய்வு கொடுத்தார். திரும்பி வந்தவளால் ஓடவே முடியவில்லை. ஆறவைக்க ஆறவைக்கச் சூடேறுகிற மோட்டாரை ஆசீர்வாதம் அதுவரை பார்த்ததில்லை. காமாலையோ என்று கண்ணைப் பார்த்தார். ரோசம்மாளையே தேர்வுக்கு அனுப்பிவிடலாமா என்றும் யோசித்தார்.

அவள் கேன்வாஸ் ஷூவைக் கழற்றும்போதுதான் விஷயம் புரிந்தது. விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண்.

“எங்க போனே?”

“நடவுக்கு.”

“உன்ன லீவு உட்டது எதுக்கு?”

“ஆட்டம் இல்லாத நாளு சும்மாதானே கீறே, வாடின்னு அம்மா இட்டுக்கினு பூட்ச்சி. நான் இன்னாண்ணா சொல்றது?”

விடியும்போதே வயலில் இறங்குகிற கூட்டம் அது. நடுவில் போய்ச் சேர முடியாது. ஆட்டம் இருக்கிற நாளில் அவள் தப்பித்தாள். அவர் ஓய்வு கொடுத்த நாளில்தான் பொழுது சாயும்வரை குனிந்து நட்டாள். நிறுத்திய மோட்டார் நிறுத்திய இடத்திலேயே இருக்கும். பெண்ணும் அப்படித்தான் இருப்பாள் என்று நினைத்துவிட்டோமே என்று ஆசீர்வாதத்துக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

அன்றைக்கே அவள் தாய் கங்கம்மாளைப் பார்த்து, தேர்வு வரைக்கும் தினமும் ஆட்டம் என்று பொய் சொன்னார். ஒருநாள் பெயருக்கு ஆடவிட்டார். மறுநாள் வந்தவளைப் பள்ளி வராந்தாவில், காலைப் பெஞ்சின்மேல் தூக்கிவைத்துப் படுக்கச் சொன்னார். படுத்ததும் தூங்கிப்போனாள்.

வெள்ளிக்கிழமை மழையில் நடவு நின்றது. மகளுக்குக் கூழ் எடுத்துக்கொண்டு கங்கம்மாள் வந்து நின்றாள்.

“இதான் உன் ஆட்டமா? அங்க ஆள் இல்லாம நான் சேத்துல லோல்படறேன், இவ இங்க காலத் தூக்கிப் போட்டுக்கினு தூங்கறா! உன்ன நம்பித்தானேப்பா அனுப்பிச்சேன்?”

“பொய் சொன்னது தப்புதாங்க்கா. ஆனா இதுவும் ஆட்டத்துல சேத்திதான். ஒடம்பு ஆறுனாத்தான் தாவ முடியும்.”

“எங்க ஒடம்ப எல்லாம் யாருப்பா ஆறவெச்சாங்க?”

ஆசீர்வாதம் பெஞ்சை விட்டு விலகி நின்றார்.

கங்கம்மாள் மகளின் பாதத்தருகே குனிந்தாள். புண் காய்ந்து புதுத்தோல் மூடியிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தாள். பச்சையம்மா அசையவில்லை. கூழ்ச் சொம்பை அவள் தலைமாட்டில் வைத்தாள்.

“எயுந்தா குடிக்கச் சொல்லு. ஞாயித்துக்கெயமை வரைக்கும்தான். அப்பால எனக்கு ஆள் வோணும்.”

தேர்வு நடந்த மைதானத்தில் ஏகப்பட்ட கூச்சல். பச்சையம்மா முதல் தடவை தாவி இறங்கியபோது ஆசீர்வாதம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. கூச்சலாலா, இல்லை அவள் இறங்கிய விதத்தாலா என்று தெரியாமல் தவித்தார். சாயங்காலம் அணியின் பெயர்களைப் படித்தார்கள். கடைசிப் பெயர் அவளுடையது.

திங்கட்கிழமை விடியலில் பச்சையம்மா தாயோடு வயலுக்குப் போனாள். அன்று காந்தி ஜெயந்தி, பள்ளி திறக்க இன்னும் ஒரு நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை அவள் பந்தைத் தொட ஆசீர்வாதம் விடவில்லை.

அதற்குப்பின் பழக்கம் மாறியது. பந்தை வெளியே எடுக்குமுன் ஒவ்வொருத்தியிடமும் ஒரே கேள்விதான்.

“நேத்து ஊட்ல இன்னா வேல?”

“ரெண்டு படி மாவு ஆட்டுனேண்ணா” என்றாள் ரோசம்மாள்.

“அப்ப உக்காரு.”

“ஐயையோ, ஒரு படிதாண்ணா!”