உள்சட்டி இல்லாத சோறு

இன்று காலை வெள்ளவத்தையில் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டுப் பெண், வீட்டிலிருந்த கணவருக்குப் போனிலேயே சோறு சமைக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மனுசன் சமைக்கும் முதல் நாள் போலும்.

"அரிசி கழுவிட்டீங்களோ? தண்ணியும் விட்டாச்சோ? எதுக்குள்ள விட்டனீங்கள்? ஐயோ, உள்சட்டிய வைக்காமலோ?"

ரைஸ் குக்கருக்குள் நேரடியாக அரிசியும் தண்ணீரும்! முன் சீட்டுக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"சுவிட்ச் போடேல்லைத்தானே? அப்ப தொடாதேங்கோ. பிள்ளையளுக்குப் பேக்கரியில பாண் வாங்கிக் குடுங்கோ. பரவாயில்லையப்பா, நாளைக்கும் நீங்கள்தான் சமைக்கிறீங்கள்."

போனை வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

பின் சீட்டு அன்ரி எட்டி அவர் தோளைத் தட்டினார். "ஏசாமல் விட்டது நல்லம் பிள்ளை. என்ர மனுசன் முதல்நாள் சோத்தைக் குழையவிட்டவர். நான் நல்லா ஏசிப்போட்டன். இண்டைக்கு வரைக்கும் நான்தான் சமைக்கிறன்."

மகளின் பள்ளிக்கூடச் சட்டையை என் கணவர் கசங்கக் கசங்க அயர்ன் பண்ணியிருந்த அழகைப் பற்றி, அவரை ஏசி நீளமாக ஒரு மெசேஜ் எழுதி வைத்திருந்தேன். அதை அழித்துவிட்டு, ஓர் இதயத்தை மட்டும் அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: "ஏன், நான் என்ன பிழை விட்டனான்?"

உங்கள் வீடுகளிலும் இதயத்துக்கு இதுதானா பதில்?