ஸ்கேனுக்கு முன் ஒரு தொன்னைப் பொங்கல்

என் வீட்டுக்காரருக்கு ஊசி என்றாலே வேர்க்கும். கல்லீரலில் கொழுப்பு படிந்து இறுகிக்கொண்டு வருகிறது என்று போன வருஷம் எம்.ஆர்.ஐ.யில் அளந்து சொன்னார்கள். இந்த வருஷமும் அந்த இறுக்கத்தின் எண் குறையாவிட்டால் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். மனிதர் பயந்த பயத்தில் இனிப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் விட்டார். ஃபேக்டரி விட்டு வந்ததும் ஆவடி குவார்ட்டர்ஸைத் தினமும் நாலு சுற்று நடந்தார். நான் சமையலறையில் போலீஸ்காரி மாதிரி நின்றேன்.

ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். அன்று காலை நான் அவருக்குக் காப்பிகூடக் கொடுக்கவில்லை. பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுப் போனால் எண் நன்றாக வரும் என்று கோயிலுக்கு இழுத்துப் போனது நான்தான். ஐயர் தொன்னை நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். இவர் தயங்கினார். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்வார்களா என்று அதட்டினேன். என் தொன்னையில் பாதியையும் அவருக்கே தள்ளினேன்.

அம்பத்தூர் ஸ்கேன் சென்டரில் விலாவின்மேல் ஒரு வட்டத் தட்டை பெல்ட்டால் கட்டி, அது அதிர அதிர, மூச்சை வெளியே விட்டு அடக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். முடிந்ததும் படம் எடுத்த பெண் எங்களிடம் வந்தாள். எண் போன வருஷத்தைவிட ஏறியிருந்தது. ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கும்போது இது எப்படி என்று அவளுக்கே சந்தேகம். பெல்ட்டும் தளரவில்லை, மூச்சையும் சரியாகத்தான் அடக்கினார் என்றாள். இவர் முகம் செத்துப்போயிற்று.

"காலைல ஏதாவது சாப்டாரா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"பச்சைத் தண்ணி பல்லுல படல. கோயில்ல பொங்கல் குடுத்தாங்க, அது பிரசாதம்."

அவள் சிரித்துவிட்டாள். சாப்பிட்டதும் கல்லீரலுக்கு ரத்தம் அதிகமாகப் பாயுமாம். அந்த நேரத்தில் அளந்தால் இறுக்கம் கூடுதலாகக் காட்டுமாம்.

"பிரசாதம்னு லிவருக்குத் தெரியாதே ஆன்ட்டி."

சாயந்திரம் வரை எதுவும் சாப்பிடாமல் இருந்தால் திரும்ப எடுக்கலாம் என்றாள். ஒரு வருஷம் காவல் காத்துவிட்டு, கடைசி ஒரு மணி நேரத்தில் நானே கெடுத்தேனே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அவரோடு நானும் பட்டினி கிடந்தேன்.

நாலு மணிக்கு மறுபடி எடுத்தார்கள். எண் நன்றாக இறங்கியிருந்தது. ஊசி வேண்டாம் என்று டாக்டர் போனிலேயே சொல்லிவிட்டார். அத்தனை பேர் பார்க்க நான் ஓவென்று அழுதேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதுவரை வந்ததில்லை.

திரும்பும் வழியில் அதே கோயில். சாயந்திரச் சுண்டல். அவர் தன் தொன்னையில் பாதியை என் தொன்னையில் கொட்டினார்.

"பிரசாதத்தை வேணாம்னு சொல்லுவாங்களா?" என்றார்.

ஒரு கடலை மிச்சம் வைக்காமல் தின்றேன்.