முனவ்வரா அளந்த பதினான்கு சதவீதம்

முனவ்வராவின் வேலை வெப்பத்தை அளப்பது. எந்த எரிபொருள் எரிந்தால் எவ்வளவு வெப்பம் வரும் என்று அளந்து, அறிக்கையின் அடியில் கையெழுத்துப் போட வேண்டும். ஹூஸ்டனின் மேற்குப் பக்கத்தில் இருந்த ஒரு லேபில் எட்டு வருடம் வேலை பார்த்தாள். அவள் கையெழுத்துப் போட்ட ஒரு தாள்கூடத் தவறென்று திரும்பி வந்ததில்லை. கடையில் நிறுத்துக் கொடுத்த கோழியை வீட்டில் இன்னொரு தடவை நிறுத்துப் பார்ப்பவள் என்று அவள் கணவர் பசீர் அகமது கேலி செய்வார். கீழக்கரையில் பிறந்து, சென்னையில் இயற்பியல் படித்து, கல்யாணமாகி ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊருக்கு வந்தவள் அவள்.

இரண்டு தெரு தள்ளி ஷ்யாமளா இருந்தாள். மின்வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள். 2002இல் அவள் கம்பெனி ஆராய்ச்சிப் பிரிவையே இழுத்து மூடியது. ஊரில் உள்ள கல்லூரிகளுக்கெல்லாம் எழுதிப் போட்டாள், எதுவும் அமையவில்லை. வீட்டில் சும்மா இருக்க முடியாமல், காரை வெளியே தள்ளிவிட்டு கராஜில் ஒரு மேஜையைப் போட்டாள். உப்புக் கரைசலில் நிக்கல் கம்பியை முக்கி மின்சாரம் பாய்ச்சினால், கொடுத்ததைவிட அதிக வெப்பம் திரும்பி வருகிறது என்று உலகத்தில் சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலான விஞ்ஞானிகள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். ஷ்யாமளா நகரவில்லை.

இரண்டு பெண்களையும் நெருக்கமாக்கியது 2005 செப்டம்பரில் வந்த ரீட்டா புயல். ஊரே கிளம்பிய நாளில் இரண்டு குடும்பமும் ஒரே வேனில் சான் அன்டோனியோவுக்குப் புறப்பட்டன. மூன்று மணி நேரப் பாதை, பதினேழு மணி நேரம் ஆனது. பெட்ரோல் தீர்ந்துவிடும் என்று ஏசியை அணைத்துவிட்டார்கள். முனவ்வராவின் மகள் மலீஹாவுக்கு அப்போது ஆறு வயது. வெயிலில் துவண்டு போனவளை மடியில் போட்டுக்கொண்டு, ஈரத் துணியால் துடைத்தபடியே வந்தவள் ஷ்யாமளா. அந்தப் பயணத்துக்குப் பிறகு அவளை அக்கம்பக்கத்துக்காரி என்று முனவ்வரா நினைத்ததே இல்லை. கூடப் பிறந்தவள் என்றே நினைத்தாள்.

சாயங்காலம் இருவரும் நடக்கப் போகும்போது பேச்சு எப்படியும் அந்தப் புயலில்தான் வந்து நிற்கும்.

"ஒரு புயல வெச்சு நான் சொல்லல ஷ்யாமளா. கடல் சூடாகிட்டே போகுது. ரிஸ்க் ஏறிட்டே போகுது. கார்பன இப்பவே குறைச்சாகணும்" என்பாள் முனவ்வரா.

"யாரு குறைப்பா? இந்த ஊர்ல முக்கால்வாசி வீட்டுச் சோறு ஆயில் கம்பெனில இருந்துதான் வருது. புதுசு வந்தாத்தான் பழசு போகும் முனு."

"வர்ற வரைக்கும்?"

"வந்தாச்சுங்கறேன். நீயே வந்து அளந்து பாரேன்."

2008 பிப்ரவரியில் முனவ்வரா போனாள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில், மகளை அரபி வகுப்பில் விட்டுவிட்டு நேராக அந்த கராஜுக்குப் போய்விடுவாள். தானே ஒரு வெப்பப் பெட்டி செய்தாள். ஐந்து வாரம் அளந்தாள். கொடுத்ததைவிடப் பதினான்கு சதவீதம் அதிக வெப்பம் வந்தது. கம்பியை மாற்றினாள், மீட்டரை மாற்றினாள், எண் மாறவில்லை. மார்ச் ஒன்பதாம் தேதி ஷ்யாமளாவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். "எனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் சரிபார்த்துவிட்டேன். பதினான்கு சதவீதம். இது நிஜம்." வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் அவசரப்பட்டது அன்றுதான்.

அனுப்பிய பிறகு மனம் அடங்கவில்லை. மின்சாரம் தண்ணீரைப் பிரிக்கும்போது இரண்டு வாயுக்கள் வெளியேறும். வெளியேறும் வாயு தன்னோடு கொஞ்சம் சக்தியையும் கொண்டுபோகும். முழுவதும் வெளியேறியது என்று வைத்துத்தான் அவள் கணக்குப் போட்டிருந்தாள். ஏப்ரலில் அந்த வாயுவை ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்து அளந்தாள். வர வேண்டிய அளவு வரவில்லை. ஒரு பங்கு, உப்புக் கரைசல் இருந்த கலத்துக்குள்ளேயே மறுபடியும் தண்ணீராகக் கூடி, தான் கொண்டுபோக வேண்டிய சக்தியை வெப்பமாக அங்கேயே விட்டிருந்தது. அந்தக் குறைவைக் கணக்கில் சேர்த்ததும் பதினான்கு சதவீதம் காணாமல் போனது. புதிய சக்தி எதுவும் இல்லை.

ஆறு வருட உழைப்பை ஒரு மின்னஞ்சலில் முடித்துவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. மே மாதம் ஒரு மதியம் ஷ்யாமளாவின் சமையலறையில் உட்கார்ந்து, நோட்டுப் புத்தகத்தை விரித்து, ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். ஷ்யாமளாவின் கணவர் சுந்தரராமனும் பக்கத்தில் இருந்து கேட்டார். ஷ்யாமளா அழுதாள். பிறகு முனவ்வராவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இத இப்போதைக்கு நமக்குள்ள வெச்சுக்கலாம் முனு. நானே எல்லாருக்கும் சொல்றேன்" என்றாள். முனவ்வராவும் அழுதுகொண்டே சரியென்றாள்.

அந்த செப்டம்பரில் ஐக் புயல் அடித்தது. பத்து நாள் கரண்ட் இல்லை. தமிழ்ச் சங்கத்தில் எல்லோருடைய வாயிலும் அதே பேச்சாக இருந்ததால், நவம்பரில் ஒரு பட்டிமன்றம் வைத்தார்கள். புவி வெப்பமாதல் பெரிய ஆபத்தா, வீண் பயமா? ஆபத்து என்ற பக்கம் முனவ்வரா. வீண் பயம் என்ற பக்கம் ஷ்யாமளா. சங்கத்தின் செயலாளரான சுந்தரராமன் மேடை ஓரத்தில் மணியும் கையுமாக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷ்யாமளா கடைசியாகப் பேச வந்தாள். புதிய சக்தி வந்தே விட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்றாள். திரையில் அந்த மார்ச் மாத மின்னஞ்சல் விரிந்தது. அடியில் முனவ்வராவின் பெயர்.

"இத அளந்தது யாரோ இல்லீங்க. எதிர்ல உக்காந்திருக்காங்க பாருங்க, அவங்களேதான்!"

அரங்கம் கைதட்டியது. முனவ்வராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதில் சொல்ல அவளுக்கு இரண்டு நிமிடம் தந்தார்கள்.

"அந்த மெயில் நான் எழுதினதுதான். ஆனா அந்த நம்பர் தப்பு. தப்பு என்னோடது. வாயுவ அளக்காம விட்டுட்டேன். மே மாசமே ஷ்யாமளாகிட்ட நேர்ல வந்து சொல்லிட்டேன்."

ஷ்யாமளா மைக்கை எடுத்தாள். "ஏதோ சந்தேகம் இருக்குன்னு சொன்னாங்க. தப்புன்னு சொல்லல. தப்புன்னா எழுதி அனுப்பியிருப்பாங்கல்ல? அவங்க எவ்ளோ கரெக்டான ஆளுன்னு உங்க எல்லாருக்கும் தெரியுமே."

முனு என்றும் நீ என்றும் கூப்பிட்ட வாய் இப்போது 'அவங்க' என்றது. முனவ்வரா சுந்தரராமன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீங்களும் பக்கத்துலதான இருந்தீங்க? சொல்லுங்கண்ணா."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணியை அடித்தார். "டைம் ஆயிடுச்சு முனவ்வரா."

எல்லோரும் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது பசீர் அகமது பொறுக்க முடியாமல், "அன்னைக்கே நீ வந்து என்கிட்ட சொன்னியே, நான் சாட்சி சொல்றேன்" என்றார்.

"நீங்க என் வீட்டுக்காரர். யார் நம்புவா?" என்றாள் அவள்.

பின்சீட்டிலிருந்து மலீஹா கேட்டாள். "உம்மா, டிட் ஆன்ட்டி லை? பொய் சொன்னாங்களா?"



திரையைப் படம் எடுத்த யாரோ ஒருவர் அதை ஊரெல்லாம் அனுப்பிவிட்டார். அது லேபுக்கும் போய்ச் சேர்ந்தது. மேலதிகாரி கூப்பிட்டு, இதை நீதான் எழுதினாயா என்று கேட்டார். ஆமாம் என்றாள். நோட்டுப் புத்தகத்தைக் காட்டினாள். அவர் நம்பினார், ஆனாலும் ஆறு மாதத்துக்கு அவள் அறிக்கைகளில் இன்னொருவரின் கையெழுத்தும் வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவளிடமே வேலை கற்றுக்கொண்டவர்தான் அந்த இன்னொருவர்.

தன் தவறையே முதல் வரியாக வைத்து நான்கு பக்கம் எழுதி, சங்கத்தின் மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பினாள். குழுவில் எது வெளிவர வேண்டும் என்று முடிவு செய்பவர் செயலாளர். அது வெளிவரவே இல்லை. பொங்கல் விழாவன்று அறுபது பிரதி எடுத்துக்கொண்டு போய், வாசலில் நின்று அவளே கொடுத்தாள். பலர் பார்க்காததுபோல் உள்ளே போனார்கள். சிலர் வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்கள். ஒருவர் அதில் வடையை வைத்துச் சாப்பிட்டதை அவளே பார்த்தாள். கடைசிப் பிரதி தீரும்வரை அவள் நகரவில்லை.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை சுந்தரராமன் தனியாக வந்தார். முனவ்வரா டீ போட்டுக் கொடுத்தாள்.

"அவளுக்கு இருக்கிறதே அது ஒண்ணுதான் முனவ்வரா. அன்னைக்கு எனக்கு வேற வழி தெரியல. மன்னிச்சுடு."

"அதே ஹால்ல, அதே மைக்ல வந்து சொல்லுங்கண்ணா. அது போதும்."

"அவ ஒடஞ்சு போயிடுவா."

"நான் ஒடையலையா?"

அவர் டீயைத் தொடாமலே எழுந்து போனார். ஜூனில் அவருக்கு வேலையில் ரவுண்ட் ராக் என்ற ஊருக்கு மாற்றல் கிடைத்தது. ஷ்யாமளா சொல்லிக்கொள்ள வரவில்லை.

அந்தக் கலத்தை ஷ்யாமளா உண்மையாகவே நம்பியிருக்கலாம் என்று முனவ்வரா பல நாள் தனக்குத் தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் வந்து சமாதானம் நின்றுவிடும். எழுதி அனுப்பியிருப்பாங்கல்ல? ஏன் எழுதவில்லை என்பது உலகத்திலேயே ஷ்யாமளாவுக்குத்தான் நன்றாகத் தெரியும். தான் பார்த்த இரக்கத்தையே எடுத்து ஷ்யாமளா தன்னை அடித்தாள் என்பதைத்தான் முனவ்வராவால் விழுங்க முடியவில்லை.

அக்டோபரில் ரவுண்ட் ராக்கிலிருந்து மாரிசாமி என்று ஒருவர் போன் செய்தார். ஷ்யாமளா காட்டிய அந்த மார்ச் மாத மின்னஞ்சலில் பெயரைப் பார்த்ததாகவும், வேலையை விட்டுவிட்டு அவளுடைய ஆராய்ச்சியில் சேர யோசிப்பதாகவும் சொன்னார். முக்கால் மணி நேரம் முனவ்வரா பொறுமையாக விளக்கினாள். வாயுவை எப்படிப் பிடிப்பது, எந்த இடத்தில் கணக்குத் தவறும் என்று எல்லாம் சொன்னாள்.

"அப்போ அவங்க பொய் சொல்றாங்களா மேடம்?"

"அளவப் பத்திக் கேளுங்க, எவ்ளோ நேரம்னாலும் சொல்றேன். அவளப் பத்தி என்கிட்ட கேக்காதீங்க."

அவர் நன்றி சொல்லிவிட்டு வைத்தார். முனவ்வரா அந்த நான்கு பக்கத்தை அன்றே அவருக்குத் தபாலில் அனுப்பினாள்.