கல் கிடைக்காத தீவு

எனக்குக் கார் ஓட்டத் தெரியும் என்று சித்தூரில் நம்பியவன் ஒருவன் உண்டு. அது நான்தான். லைசென்ஸ்கூட வைத்திருந்தேன். அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் லைசென்ஸைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, மறுபடியும் லைசென்ஸைப் பார்த்தார்கள்.

கார் என் மாமனாருடையது. மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்கார டாக்டர் கப்பலில் ஏற்ற முடியாமல் அவரிடம் விட்டுச் சென்ற வண்டி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் கடைசியில் அவருக்குக் கண்ணில் புரை விழுந்தது. இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒரே கேள்விதான்: சாவி யாருக்கு?

அவருக்கு இரண்டு மாப்பிள்ளைகள். மூத்தவர் திருப்பதியில் அலிபிரிக்குப் போகிற வழியில் கடை வைத்திருந்தார். கிறிஸ்துமஸுக்கு வரும்போதெல்லாம் அந்தக் காரின் பானெட்டைத் தடவிக்கொடுத்துவிட்டுத்தான் மாமியாரிடம் நலம் விசாரிப்பார். இளையவன் நான். மாமனார் நியாயஸ்தர். ஒரு நாள் ஆராதனை முடிந்து வந்ததும் தீர்ப்புச் சொன்னார்.

"மாப்பிள்ளை, நீங்க உள்ளூர்ல இருக்கறீங்க, அதனால மொதல் சான்ஸ் உங்களுக்கு. ஒரு தூரப் பயணம் என்னை இட்டுக்கினு போய் பத்திரமா இட்டுக்கினு வாங்க. வண்டிக்கு ஒண்ணும் ஆவலன்னா சாவி உங்க கிட்டயே இருக்கட்டும். ஆச்சுன்னா திருப்பதிக்குப் போயிடும்."

எங்கே போவது என்று என் மனைவி சொன்னாள். அவள் சின்ன வகுப்பு டீச்சர். சுவரில் மாட்டிய படத்தில் பூநாரையைக் காட்டி, "இது ரோஸ் கலர்ல இருக்கும், ஒத்தக் கால்ல நிக்கும்" என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். நிஜப் பூநாரையை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பழவேற்காட்டு ஏரிக்குள் ஒரு தீவு இருக்கிறது, மாசிக் கடைசியில் தண்ணீர் வற்றும்போது மாட்டு வண்டித் தடம் வழியே காரும் அங்கே போகும், பறவைகளும் அதுவரை இருக்கும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

பயணத்தைச் சொல்வதற்கு முன் அந்த வண்டியைக் கிளப்புகிற முறையைச் சொல்லியாக வேண்டும். அதன் பாட்டரி வேலைக்குப் போவதை நிறுத்திப் பல காலம் ஆகியிருந்தது. ஆகவே எங்கே நிறுத்தினாலும் இறக்கத்தில்தான் நிறுத்த வேண்டும். ஹாண்ட் பிரேக் பெயருக்குத்தான் இருந்தது. கியரில் விட்டு நிறுத்தலாமே என்பீர்கள். அந்தக் கியர் கொஞ்ச நேரத்தில் தானே குதித்து வெளியே வந்துவிடும். ஆகவே முன் சக்கரத்துக்குக் கீழே ஒரு கல் வைப்போம். கிளம்பும்போது ஒருவர் கல்லை எடுக்க, வண்டி உருள, நான் கியரைப் போட, அது ஒரு முறை தும்மிவிட்டு உயிர் பெறும். சித்தூர்க்காரனுக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. எங்கள் ஊரில் எந்தத் தெருவும் சமமாக இருக்காது. குனிந்தால் கல், நிமிர்ந்தால் மலை, அதுவும் கல். உலகம் முழுக்க இப்படித்தான் இருக்கும் என்று நான் நம்பியிருந்தேன்.

விடியற்காலையில் கிளம்பினோம். அவசரப்படாமல் போக வேண்டும் என்பது மாமனாரின் உத்தரவு. நான் அதை ஒரு படி மேலாகவே நிறைவேற்றினேன். புத்தூர் தாண்டியதும் கரும்பு ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. நான் முந்தப்போவதாக ஹாரன் அடித்தேன். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, ஒதுங்கி, வழி விட்டு, வெகு நேரம் காத்திருந்து, கடைசியில் அலுத்துப்போய், "ரேயப்பா, நீ வரதுக்குள்ள கரும்பு காஞ்சி பூடும்" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போனார்.

பின் சீட்டில் மனைவி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். மாமனார் மட்டும், "நல்லாதான் ஓட்டறீங்க மாப்பிள்ளை, வேகம் கொஞ்சம் கொறைச்சிக்குங்க" என்றார்.

பிச்சாட்டூர் அணைக்கட்டின் மேல் நிறுத்தினோம். இறக்கமும் இருந்தது, கல்லும் இருந்தது. ஆரணி ஆற்றுத் தண்ணீரைப் பார்த்தபடி மாமனார் ஜெபம் செய்தார். அவர் வழக்கம் அது. கிளம்பும்போது ஒரு ஜெபம், நிறுத்தினால் ஒரு ஜெபம், அழகாக எதையாவது பார்த்துவிட்டால் நீளமான ஜெபம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஜெபத்தில் கண்ணைத் திறந்தால் பிரம்பு எடுப்பவர். வீட்டிலும் அதே சட்டம்தான். நாகலாபுரத்துக்கு வந்ததும் மலைகளைப் பார்த்தார். நீளமான ஜெபம். மனைவி என் காதில், "இப்பிடியே போனா பூநாரை எல்லாம் ஊருக்குப் போய்ச் சேந்துடும்" என்றாள்.

தடாவைத் தாண்டி ஏரிக்குள் இறங்கினபோது வெயில் ஏறிவிட்டது. அப்படி ஓர் இடத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வானம் தரையில் வந்து படுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. காய்ந்த சேறு வெடித்துப் பாளம் பாளமாக வெளுத்துக் கிடக்க, அதன் நடுவே வண்டித் தடம். இரண்டு பக்கமும் தூரத்தில் தண்ணீர் மின்னியது. மோதுவதற்கு மரம் இல்லை, சுவர் இல்லை, மனிதர் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் நன்றாகக் கார் ஓட்டினேன்.

தீவு என்பது பனை மரங்களும் மணலும் கொஞ்சம் குடிசைகளும்தான். ஒரு மணல் மேட்டில் ஏறியதும் மனைவி, "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கத்தினாள். மேட்டுக்குக் கீழே தண்ணீர் ஓரமாகப் பூநாரைகள். நூறா ஆயிரமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கல்யாண வீட்டில் இலை போடக் காத்திருக்கும் கூட்டம் மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன.

இறக்கம் இருந்தது. ஆனால் அது தண்ணீரைப் பார்த்த இறக்கம். "மூஞ்சி தண்ணி பக்கம் இருக்குதே மாப்பிள்ளை" என்றார் மாமனார். "ரெண்டு உருட்டுல ஸ்டார்ட் ஆயிடும் மாமா, திருப்பிக்கலாம்" என்றேன். பிரேக்கை மிதித்தபடியே, "ஒரு கல்லு கொண்டாம்மா" என்று மனைவியை அனுப்பினேன்.

அவள் போனாள். போய்க்கொண்டே இருந்தாள். திரும்பி வந்து, "கல்லே இல்லீங்க" என்றாள்.

"கல்லு இல்லாத ஊரு ஏது? நல்லாப் பாரு."

"மணலும் கிளிஞ்சலும்தான் கீது. வேணும்னா நீங்க எறங்கித் தேடுங்க, நான் மிதிச்சிக்கினு குந்திக்கினு இருக்கறேன்."

ஸ்டியரிங்கை ஒரு பெண்ணிடம் கொடுப்பதா? அதுவும் மாமனார் முன்னிலையில், பரீட்சை நடக்கும்போது? நான் கம்பீரமாக, பனை மரத்தடியில் கிடந்த ஒரு காய்ந்த பனங்கொட்டையைக் காட்டி, "அதை வை" என்றேன். சக்கரத்துக்கு முட்டாக ஓர் உருண்டையான பொருளைத் தேர்ந்தெடுத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். காலை மெல்ல எடுத்துப் பார்த்தேன். வண்டி நின்றது. எனக்கே ஆச்சரியம்.

மூவரும் இறங்கிக் காருக்கு முன்னால் ஓரமாக நின்றோம். மாமனார் பறவைகளைப் பார்த்தார். கண்ணை மூடினார். எங்களுக்குப் புரிந்துவிட்டது: இது மிக நீளமான ஜெபம்.

ஆகாயத்துப் பறவைகளில் ஆரம்பித்தார். சமுத்திரத்து மச்சங்களுக்கு வந்தார். சித்தூர்ச் சபை, அதன் போதகர், அவர் மனைவியின் முழங்கால் வலி. பிறகு ஆப்பிரிக்காவில் ஊழியம் செய்கிறவர்கள். வழக்கப்படி அடுத்து சீனா, அதற்கப்புறம் தீவுகள், பிறகு விதவைகள், சிறைப்பட்டவர்கள் எல்லோரும் வர வேண்டும். அன்றைக்கு மட்டும் ஆப்பிரிக்காவின் நடுவில் குரல் ஒரு கணம் தடுக்கியது. உடனே, "எல்லாரையும் எல்லா இடத்துலயும் காப்பாத்தும் ஆண்டவரே ஆமென்" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார். கண்ணை இறுக மூடியிருந்த நான், பசிக்கிறது போலிருக்கிறது பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தால், பக்கத்தில் மனைவி இல்லை. காரும் இல்லை.

கார் மேட்டில் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் என் மனைவி புடவையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கதவைத் திறந்தாள், தொங்கினாள், உள்ளே விழுந்தாள். வண்டி தண்ணீருக்குள் புகுந்தது. பூநாரைகள் ஒன்றாகக் கிளம்பின. இறக்கையை விரித்ததும் உள்ளே அப்படி ஒரு சிவப்பு! வானமே குங்குமம் கொட்டினாற்போல் ஆனது. அதைப் பார்ப்பதா, வண்டியைப் பார்ப்பதா, மாமனார் முகத்தைப் பார்ப்பதா என்று தெரியாமல் நான் நின்றேன்.

வண்டி இடது பக்கம் திரும்பி, குலுங்கி, நின்றுவிட்டது. எது பிரேக் என்று தெரியாததால் கீழே இருந்த எல்லாவற்றையும் மிதித்ததாக அப்புறம் சொன்னாள்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மீன்கார அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா நைனா, கார குளிப்பாட்ட இட்டுக்கினு வந்தியா?"

"இல்லம்மா, அது தானா..."

"அந்தப் பொண்ணு மட்டும் திருப்பலன்னா அங்க படகு போற பள்ளம் கீது. ஆளு முங்கற ஆழம். கூரை மட்டும்தான் தெரிஞ்சிருக்கும், அதுல கொக்கு குந்திக்கினு இருக்கும்." பிறகு குடிசைப் பக்கம் திரும்பி, "ஒரேய், ரண்ட்ரா!" என்று தெலுங்கில் கூப்பிட்டாள். ஆட்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். சிரித்துக்கொண்டே தள்ளி வண்டியை மேட்டுக்கு ஏற்றி, வந்த தடத்தின் பக்கம் திருப்பி நிறுத்தினார்கள். இந்தத் தடவை பின் சக்கரம், முன் சக்கரம் எல்லாவற்றுக்கும் அவர்களே படகுக் கட்டைகளை அண்டக் கொடுத்தார்கள்.

மாமனார் வண்டியைச் சுற்றி வந்து தடவிப் பார்த்தார். சேறுதான், வேறு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு உயிர் வந்தது. சாவி இன்னும் திருப்பதிக்குப் போய்விடவில்லை. ஆனால் அவர் மகளிடம் திரும்பினார்.

"நீ எப்பிடிம்மா பாத்தே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "கண்ணத் தொறந்துகினு இருந்தேன் நைனா."

"ஜெபத்துலயா?"

"பறவையப் பாத்துக்கினு இருந்தேன். மறுபடி எப்ப பாக்கப் போறோம்னு..."

மாமனாரின் முகம் பள்ளிக்கூட முகம் ஆனது. பிரம்பு மட்டும்தான் பாக்கி. அப்போது மீன்கார அம்மாள் குறுக்கே வந்தாள்.

"பெரியவரே, பொண்ண இன்னாத்துக்கு அதட்டறே? நீதானே மொதல்ல பாத்தே! நான் அங்கேருந்து பாத்துக்கினுதானே இருந்தேன். கண்ணத் தொறந்தே, வண்டியப் பாத்தே, மறுபடி டபக்குனு மூடிக்கினே. அப்புறம்தான் வேகவேகமா சொன்னே."

மாமனார் இருமினார்.

"ஆமென் சொல்லாம பாதியில எப்பிடி ஓடறது?" என்றார் மிக மெல்லிய குரலில்.

மனைவி சிரித்தாள். அந்த அம்மாள் சிரித்தாள். வண்டி தள்ளினவர்கள் சிரித்தார்கள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்திலேயே கடைசிவரை பக்தியோடு கண்ணை மூடியிருந்தவன் நான் ஒருவன்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்காக ஒரு பாராட்டாவது வரும் என்று எதிர்பார்த்தேன்.

மாமனார் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, அதை மகளிடம் கொடுத்தார்.

"நைனா, எனக்கு ஓட்டத் தெரியாதே!"

"அவருக்கு மட்டும்?" என்றார் மாமனார். "இங்க இன்னாத்த மோதப் போறே? ரோடு வரைக்கும் நீ ஓட்டு. மிச்சத்தை ஊர்ல கத்துக்கலாம்."

அவள் ஏறி உட்கார்ந்தாள். மாமனார் முன் சீட்டில் அவள் பக்கத்தில் அமர்ந்தார். ஈரமான பின் சீட்டு எனக்கு. தள்ளுவதற்கு ஆட்கள் தயாராக நின்றார்கள். அவள் குனிந்து பார்த்து, "இதுல க்ளட்ச்சு எதுங்க?" என்றாள். நான் முன்னால் எட்டி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, விளக்க ஆரம்பித்தேன்.

"அத நான் சொல்லிக்கறேன்" என்றார் மாமனார் திரும்பாமலே. "மாப்பிள்ளை, நீங்க ஜெபம் பண்ணுங்க."