வெயிலில் உருகாத சிவப்புத் துண்டு

1920களின் நடுவில், ஈப்போவுக்கு வடக்கே செமோர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தேன். அப்போது எங்கள் ஐந்து வயது மகளுக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால், வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு புதுச் சோதனை. தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. இருமி இருமி முகம் நீலம் பாய்ந்தது.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் வந்து பார்த்தார். "உள்நாக்குப் பக்கம் மரத்துப் போயிருக்கு, கிராணியாரே. போகப் போகச் சரியாயிடும். அதுவரைக்கும் தண்ணியாக் குடுக்காதீங்க. ஜெல்லி மாதிரி குடுங்க" என்று சொல்லி, ஜெலட்டின் பொட்டலம் ஒன்றைத் தந்தார்.

என் மனைவி அதை வெந்நீரில் கரைத்து வைத்தாள். எங்கள் ஊர்ச் சூட்டில் அது உறையவே இல்லை. கெட்டிக் கஞ்சியைக் கண்டாலே குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உதடு வெடித்து, கண்கள் உள்ளே போய்விட்டன.

"என்னங்க, ஐஸ் இருக்குற எடத்துல வச்சாவது கொண்டாங்க" என்று மனைவி அழுதாள்.

மறுநாள் காலை மிச்ச ஜெலட்டினை எடுத்துக்கொண்டு ரயில் ஏறி ஈப்போ போனேன். தெரிந்த சமையல்காரர் ஒருவர், தான் வேலை செய்த ஓட்டலின் ஐஸ் பெட்டியில் வைத்து அழகாக உறைய வைத்துக் கொடுத்தார். தூக்குப் பாத்திரத்தில் வாங்கி, ஈரத் துணி சுற்றி, ஸ்டேஷனுக்கு ஓடினேன். ரயில் வரவில்லை. மனசு கேட்காமல் மூடியைத் திறந்தேன். உள்ளே வெறும் தண்ணீர்தான் தளும்பியது. கூச்சமெல்லாம் போய், அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

பக்கத்தில் பலகாரம் விற்றுக்கொண்டிருந்த மலாய்க்கார அம்மாள், "கெனாப்பா, தம்பி?" என்று காரணம் கேட்டார். தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தன் தட்டிலிருந்து சிவப்புத் துண்டு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். காலையிலிருந்து வெயிலில் இருந்த துண்டு. விரலால் அழுத்தினால் துள்ளியது!

"ஆகார்-ஆகார்" என்றார். கடற்பாசியில் செய்வதாம். பக்கத்துக் கடைக்காரரிடம் தட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுக்கு விறுவிறுவென்று போய், காய்ந்த பாசி நாரை ஒரு கட்டாகக் கொண்டுவந்து என் பையில் திணித்தார். நன்றாகக் கொதிக்க வேண்டும், ஒரு நார்கூடக் கண்ணில் படக்கூடாது, எலுமிச்சை பிழிவதானால் இறக்கிய பிறகுதான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ரயில் நகர்ந்தபோதும், கொதிப்பதுபோல் கையை ஆட்டிக் காட்டினார்.

வீட்டில் அவர் சொன்னபடியே செய்தோம். அடுப்பிலிருந்து இறக்கி வைத்தது ஆறியதும், ஐஸ் இல்லாமலே உறைந்து நின்றது. மிகச் சிறிய துண்டாக வெட்டி மகளின் வாயில் வைத்தோம். விழுங்கினாள். நானும் மனைவியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் மூக்கையே பார்த்தோம். ஒன்றும் வரவில்லை.

"இன்னொண்ணு வேணும்மா" என்றாள் மகள்.

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள். நான் அடுத்த துண்டை வெட்டினேன். அந்தப் பாசியே குழந்தைக்குத் தண்ணீரானது. கொஞ்ச நாளில் தொண்டையும் சரியாகி, டம்ளரை எடுத்து அவளாகவே குடித்தாள்.

பல வருடம் கழித்து, தைப்பிங்கில் பக்கத்து வீட்டில் இருந்த வேதியியல் வாத்தியார் காரணம் சொன்னார். ஜெலட்டின், கடற்பாசி இரண்டிலும் இருப்பவை நீண்ட நூல் போன்ற மூலக்கூறுகள்தானாம். அவை தாமாகவே ஒன்றோடொன்று பின்னி, வலைபோல் தண்ணீரைப் பிடித்து வைக்குமாம். ஜெலட்டின் வலை நம் ஊர் வெயிலுக்கே அவிழ்ந்துவிடும். பாசியின் நூல் வேறு அமைப்பு. அதன் வலை அவிழக் கொதிநீரின் சூடு வேண்டும். புளிப்போடு சேர்த்துக் கொதிக்க வைத்தால் நூலே அறுந்துவிடுமாம்.

கேட்க ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய ஆச்சரியம் எனக்கு அந்த அம்மாள்தான். பிறகு இரண்டொரு முறை தேடிப் போயும் அவரைப் பார்க்க முடியவில்லை. ஆனால் முன்பின் தெரியாத ஒருவன் அழுததற்காக வியாபாரத்தை விட்டு எழுந்தாரே, அதை நினைத்தால், பொது இடத்தில் கலங்கி நிற்பவரைப் பார்க்காததுபோல் கடந்துபோக என் கால்கள் இன்றும் சம்மதிப்பதில்லை.