பின்னந்தலைப் புத்தகம்

என் தங்கை தொமோயே ஜெயித்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். முடிதிருத்துநர் தேர்வில் மூன்றாம் முறை எழுதித் தேறினாள். இடக்கைக்காரிக்கு இந்தத் தொழில் சரிவராது என்று பயிற்சிப் பள்ளியில் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்கள். தகாவோகா ரயில் நிலையத்தின் பின்தெருவில் ஏற்கெனவே இரண்டு சலூன்கள் இருக்க, மூன்றாவதைத் திறந்து, இன்றுவரை மூடாமல் வைத்திருக்கிறாள். கடைத்தெருக் குலுக்கலில் ஒரு மூட்டை புது அரிசி விழுந்தது. தோற்றவை இதைவிட அதிகம். அவற்றில் ஒன்றைத்தான் எழுதப்போகிறேன்.

முரோகி சென்செய், அதாவது ஆசான் முரோகி, நாற்பது வருடமாக மங்கா சித்திரக்கதைகள் வரைகிறவர். தொமோயேவுக்கு அவர் என்றால் உயிர். சலூனுக்கு விடுமுறையான திங்கட்கிழமைகளில் இன்னும் இரண்டு ரசிகர்கள் அங்கே வந்துவிடுவார்கள். ஒருவர் எழுதுபொருள் கடைக்காரர் குரோசே. மற்றவன் கல்லூரியில் படிக்கும் ஹயாதோ. இலையுதிர்காலத்தில் கனசாவாவில் நடக்கும் ரசிகர் புத்தகச் சந்தையில் மூவரும் ஒரு மேசை வாடகைக்கு எடுப்பார்கள். முரோகியின் பாத்திரங்களைத் தாங்களே வரைந்து, அச்சடித்து விற்பார்கள். முகங்களை ஆண்கள் இருவரும் வரைவார்கள். தொமோயே தலைமுடி மட்டும். கடைசிப் பக்கத்தில் குரோசேயின் பெயர் இருக்கும்.

அந்த வருடம் ஹயாதோ சண்டையை ஆரம்பித்தான். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்க சென்செய்க்கு ஒரே ஒரு மூஞ்சிதான் வரையத் தெரியும். விக்கை மட்டும் மாத்தி மாத்தி மாட்டுறாரு. இப்ப அவரை யாரு படிக்கிறா? இந்த வாட்டி வேற ஆளை வரைவோம்."

"பத்திரிகையில கடைசியில போட்டாலும் நாற்பது வருஷமா இருக்காருடா. உன் ஆளு நாலு வருஷம் தாண்டட்டும், பாப்போம்."

"கடைசிப் பக்கத்துல பல்பசை விளம்பரமும்தான் அத்தனை வருஷமா இருக்கு."

குரோசே சிரித்ததில் தேநீர் அவர் மடியில் சிந்தியது. தொமோயேவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"முடியை மறைச்சுட்டு பத்து மூஞ்சி காட்டு. பேர் சொல்றேன். சொல்லிட்டா இந்த வருஷமும் முரோகிதான்."

"தப்பாச் சொன்னா?"

"மேசை உனக்கு."

குரோசே காகிதம் வெட்டி ஒவ்வொரு படத்திலும் முடியை மறைத்தார். நான்கு பெயரைத்தான் சரியாகச் சொன்னாள். கதாநாயகி சவாவை அவளுடைய அம்மா என்றாள். ஒரு முகத்தை வெகுநேரம் பார்த்து, "இது சவாவோட தங்கச்சி" என்றாள்.

"அக்கா, அது வில்லன். மீசையையும் சேத்து மறைச்சுட்டேன்" என்றார் குரோசே. வயதில் மூத்தவர் கிண்டலுக்காகவே அவளை அக்கா என்பார்.

பிறகு ஹயாதோவின் அபிமான ஓவியர் வரைந்த பத்து முகங்களை வைத்தோம். பத்தையும் அவன் மூச்சுவிடாமல் சொன்னான்.

தொமோயே நாற்காலியை ஒரு சுற்று சுழற்றிவிட்டாள். "சரிடா, ஒரே மூஞ்சிதான். இந்த நாற்காலியில உக்காரும்போது ஒருத்தி, எந்திரிக்கும்போது வேற ஒருத்தி. மூஞ்சி மாறுதா என்ன? அதைத்தான் அவரு வரையுறாரு."

"தோத்தவங்க பேச்சு!"

"தோத்தவதான். அந்த மேசையை நீயே வச்சுக்கோ. நான் தனியா எடுத்துக்கறேன்."

எடுத்தாள். கூட்டம் அலைமோதும் ஞாயிற்றுக்கிழமை சலூனைப் பூட்டிவிட்டுப் போனோம். அவள் புத்தகத்தில் முகமே கிடையாது. முரோகியின் ஆட்கள் எல்லோரும் முதுகு காட்டி நின்றார்கள். சந்தை திறக்குமுன் புத்தகங்களைச் சரிபார்க்க வந்த பெண் புரட்டியபடியே, "இது சவா. இது மீசைக்காரன், பின்கழுத்தைப் பாத்தாலே தெரியுது" என்று சிரித்தாள். கடைசிப் பக்கத்தில் சிரிப்பு நின்றது.

"வரைஞ்சவங்க பேரு இல்லீங்களே. பேரில்லாம விக்க விடமாட்டோம்."

"ஆளுங்க எல்லாம் சென்செய்யோடதும்மா. முடி வரையுறவளுக்கு எதுக்குப் பேரு?" தொமோயே புத்தகங்களை மறுபடி பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள்.

பக்கத்து மேசையிலிருந்து ஹயாதோ எட்டிப் பார்த்தான். "அக்கா, நாற்பது வருஷத்துல உங்காளு ஒருத்தரையாவது பின்பக்கமா காட்டியிருக்காரா? அவருக்கு அது வரவே வராது. இத்தனை பின்னந்தலையும் உங்களோடது. அவரு தலையில கட்டாதீங்க."

அவரை ஏசுகிறானா, இவளைப் புகழ்கிறானா என்று யோசிக்கவே அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. பிறகு அவனிடமிருந்தே பேனாவைப் பிடுங்கி, ஒவ்வொரு பிரதியாக எடுத்துக் கடைசிப் பக்கத்தில் எழுதினாள்: ஹோரிதா தொமோயே, 2017 அக்டோபர் 15.